மூணு காலும் அதே புள்ளியில்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அப்பாவோட இருமல்கூட இந்த வாரம் லீவு போட்டிருக்கு, நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமா இருக்கீங்கன்னு நம்பறேன்.

கை ஆடினாலும் கேமராவே சரிபண்ணிக்குது, இன்னும் எதுக்கும்மா அந்த ட்ரைபாடைச் சுமக்கறேன்னு போன்ல கேட்டியே, அதுக்குப் பதில் இப்பதான் கிடைச்சுது. பெரியப்பா குடியிருக்கிற கட்டடத்துக்குப் பக்கத்துல ஆழமா பள்ளம் தோண்டினாங்க, அவங்க மாடிப்படிச் சுவர் விரிசல் விட்டுது, அது பழைய பூச்சு விரிசல்னு பள்ளம் தோண்டற மேஸ்திரி சாதிச்சார். குடியிருக்கிறவங்க போன்ல எடுத்த படம் நாற்பது இருக்கும், ஒண்ணு சாய்ஞ்சு, ஒண்ணு கிட்டப்போய், எதையும் எதோடயும் ஒப்பிட முடியலை. அதனால புகாரைப் பார்க்க வந்த கார்ப்பரேஷன் இன்ஜினியர், போட்டோ எடுக்கறதுதானே உங்க தொழில்னு என்னைக் கூப்பிட்டார். ட்ரைபாடோட மூணு காலும் நிக்கற இடத்துல நகப்பூச்சால புள்ளி வச்சேன், அதோட தலை எத்தனை டிகிரி திரும்பியிருக்குன்னு நோட்டுல எழுதிக்கிட்டேன், திங்கட்கிழமை தவறாம அதே புள்ளி, அதே கோணம். அந்தக் காலத்துல ஆடாம எடுக்கத்தான் ட்ரைபாட், இப்ப ஆட்டத்தைக் கேமரா பார்த்துக்கும், ஆனா போன வாரம் நின்ன இடத்துக்கே திரும்பிப் போய் நிக்க அதுக்குத் தெரியாதுடி.

சுவருக்குக் கல்யாண ஆல்பம் போடறீங்களா அக்கான்னு மேஸ்திரி வாராவாரம் சிரிப்பார். நாலாவது வாரம் படங்களைக் கம்ப்யூட்டர்ல ஒண்ணுமேல ஒண்ணு வச்சேன், கைப்பிடி பொருந்துது, சுவிட்சுப் பெட்டி பொருந்துது, விரிசலுக்கு இடப்பக்கச் சுவர் மட்டும் அரை நூல், அதாவது ஒண்ணரை மில்லிமீட்டர், கீழே இறங்கியிருக்கு. உடனே இன்ஜினியருக்கு அனுப்பினேன். இன்ஜினியர் படத்தைப் பார்த்ததும் தோண்டறதை நிறுத்த வச்சு, அன்னிக்கே பன்னிரண்டு குடும்பத்தையும் கீழே இறக்கிட்டார். பெரியப்பா கட்டிலை விட்டு எழுந்திருக்கமாட்டேன்னு ஒரே பிடிவாதம், அப்பாதான் அதட்டிக் கூட்டிட்டு வந்தார். மூணாம் நாள் காலையில படிக்கட்டு பாதி சரிஞ்சு விழுந்துது. உள்ளே ஒரு ஜீவன் இல்லை.

நேத்து மேஸ்திரி வாசல்ல வந்து நின்னார், அவர் அம்மா இருக்கிற வீட்டுச் சமையலறைச் சுவர்லயும் கோடு விழுந்திருக்காம், ஞாயித்துக்கிழமை வர முடியுமான்னு கேட்டார். வர்றேன், ஆனா ஒரு தடவை எடுத்துட்டு விடமாட்டேன், விடாம நாலு வாரம் வருவேன்னேன். தலையாட்டினார்.

ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாம நல்லா இருங்க. பெரியப்பா இப்ப உன் ரூம்லதான் இருக்கார், மறக்காம ஒரு போன் போடு. பயந்துட்டேன்னு அவர் வாயால வராது, நீயும் கேக்காதே. தலையணை சரியா இருக்கான்னு மட்டும் கேளு, ஒரு மணி நேரம் பேசுவார்.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கும்
அம்மா