சுரைக்குடுக்கையை ஏன் முதுகில் கட்டினீர்கள்?

'ஏனுங்க' என்பதைத் தவிர வேறு பேர் சொல்லி நான் கூப்பிட்டறியாத என் மாமாவுக்கு,

கருப்பனார் கோயிலில் பூ கேட்ட அன்றைக்கு இருந்தவர்கள்: நான், நம் மகள் சுகந்தி, உங்கள் தம்பி ராசு, பூசாரி, பூ எடுத்துக் கொடுக்கப் பக்கத்து வீட்டு நிலாக்குட்டி, அவளை இடுப்பில் தூக்கி வந்த அவள் அம்மா. வேறு யாருமில்லை. சாட்சி யார் யார் என்பதை முதலில் எழுதிவிட்டால் பிறகு சந்தேகம் வராது என்று நினைத்தேன். எழுதியாயிற்று. சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது.

முதலில் சேதியைச் சொல்கிறேன். சுகந்திக்கு நார்வேயில் வேலை கிடைத்திருக்கிறது. கடலுக்கடியில் வளர்கிற செடிகொடிகளை முங்கிப் பார்த்துக் குறித்து வருகிற வேலை. தூத்துக்குடியில் படித்தபோது மெல்லிசான உடுப்போடு முங்கினாள். நார்வே தண்ணீரில் அப்படி இறங்கினால் விறைத்துப் போவாளாம். அதனால் டிரை சூட் என்று ஒன்று. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுகப் பிடித்துக்கொள்ளும், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. குளிருக்கு உள்ளே கம்பளி உடுப்பு வேறு. இதைக் கேட்டதும் ராசு, "நனையாமக் குளிக்கறதுக்கு நார்வே வரைக்கும் போகோணுமா கண்ணு?" என்றார்.

உடுப்பை அங்கேயே கொடுத்துவிடுவார்கள். அதன் மேல் மாட்டுகிற பிசிடியை மட்டும் அவரவர் உடம்புக்குப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். பிசிடி என்றால் வேறொன்றுமில்லை, காற்றுப் பை. சிலிண்டரை முதுகில் தாங்குவதும் அதுதான். உள்ளே காற்றை அடைத்தால் மேலே தூக்கும், காற்றை வெளியே திறந்துவிட்டால் கீழே இறங்கலாம். டிரை சூட்டுக்குள் இருக்கிற காற்றும் ஆளை மிதக்க வைக்கும் என்பதால், இறங்குவதற்கு ஈயக்கட்டி நிறையக் கட்ட வேண்டுமாம். அந்த உடுப்பு எங்காவது கிழிந்து தண்ணீர் புகுந்துவிட்டால், அத்தனை ஈயத்தோடும் பிள்ளையை மேலே கொண்டுவருவது இந்தப் பைதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பையில் இரண்டு வகை. ஒன்று ஜாக்கெட் மாதிரி. முன்னும் பின்னும் விலாவும் சுற்றிக் காற்று நிற்கும். மற்றது விங். முதுகில் ஓர் இரும்புத் தகடு, அதற்குப் பின்னால் மட்டும் பை. நெஞ்சில் வாரைத் தவிர ஒன்றுமில்லை.

சுகந்தி சொன்னாள்: "எதைக் கட்டிக்கிட்டு இறங்கறேன்னு நீ தெரிஞ்சு சம்மதிக்கோணும்மா. நீ சொல்றதையே வாங்கிக்கறேன்."

எனக்கு என்ன தெரியும்? எழுத்துக் கூட்டிப் படித்ததே நம் கல்யாணத்துக்குப் பிறகு, சாமான் கட்டி வந்த காகிதத்தில். ஆனாலும் வீட்டுக் கணக்கு மாதிரியே நடுவில் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் நல்லது என்ன, கெட்டது என்ன என்று எழுதிப் பார்த்தேன். மிளகும் மரவள்ளியும் ஒரு பக்கம் வரவென்றால் வரவுதான். இங்கே அப்படி இல்லை. 'நெஞ்சைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும்' என்பதை முதலில் நல்லதில் எழுதினேன். மறுநாள் அதையே கெட்டதிலும் எழுதினேன்.

அதனால்தான் பூ கேட்டேன். பெண் பார்ப்பதற்கும், நிலம் வாங்குவதற்கும், உங்கள் ஆபரேஷனுக்கும் கேட்ட சாமிதானே. வெள்ளைப் பூ வந்தால் ஜாக்கெட், சிவப்பு வந்தால் விங் என்று வாய்விட்டுச் சொல்லி, இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து வைத்தோம். நிலாக்குட்டி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூசாரி கையில் கொடுக்காமல் வாயில் வைத்தாள். பிடுங்கிப் பிரித்தால் வெள்ளை. ஜாக்கெட். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிள்ளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிற பொருளையே சாமியும் சொல்கிறது என்று நம்பிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். சுகந்தியைப் பாண்டிச்சேரியில் முங்கப் பழக்கிய டீச்சர், இரவலாக ஒரு டிரை சூட்டும் பையில் இரண்டு வகையும் கொண்டுவருகிறேன், போட்டுப் பார்த்துவிட்டே வாங்கட்டும் என்றார். நம் மலைக்கு மேலே அவ்வளவு ஆழம் ஏது? கீழே அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில் ராசு வீட்டுக் கிணற்றில்தான் இறங்கினார்கள். ஆமாங்க, அதே கிணறு. டீச்சரும் கூடவே இறங்கினார். வெயிலில் அந்த உடுப்பை மாட்டி முடிப்பதற்குள் பிள்ளை வேர்த்து வழிந்தாள். கிணற்று மேட்டில் அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் கூடிவிட்டது.

ராசுவுக்கு வாய் சும்மா இருக்குமா? "முங்கறதுக்கு ஈயம், மெதக்கறதுக்குப் பை. ரெண்டையும் கழட்டி வெச்சுட்டா ஊட்டுலயே இருந்துக்கலாமே அண்ணி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சாமி சொன்ன ஜாக்கெட். தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அழகாக நின்றாள். ஆனால் காற்று ஏற ஏற, தடித்த உடுப்புக்கு மேலே அது விலாவை நெருக்கியது. ஆழத்தில் டிரை சூட் உடம்பை நெருக்காமல் இருக்க அதற்குள் காற்று விடுகிற பொத்தான் நெஞ்சு நடுவில் இருக்கிறது. ஜாக்கெட் உப்பி அதை மூடிக்கொண்டது. கனத்த கையுறையோடு அதைத் தேடித் துழாவினாள், அகப்படவில்லை. டீச்சர் முகம் மாறியதைப் பார்த்தேன். பெரிய அளவாக வாங்கினால் சரியாகாதா என்று கேட்டேன். பெரிதானால் உடம்பில் நிற்காமல் மேலே ஏறிக்கொள்ளும் என்றார்.

அடுத்தது விங். நெஞ்சு காலியாக இருந்தது, பொத்தான் உடனே கைக்கு வந்தது. தகட்டின் கனத்தால் இடுப்பில் ஈயமும் குறைந்தது. கீழே மீன் மாதிரிப் படுத்துப் போனாள். சரி, இதுதான் என்று நினைக்கும்போதே மேலே வந்து பையில் காற்றை நிரப்பினாள். முதுகுப் பை அவளை முன்னால் தள்ளி முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்தது. நான் கத்திய கத்தலில் தென்னையில் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டன. அவ்வளவு காற்று வேண்டியதில்லை, கொஞ்சம் குறைத்துப் பின்னால் சாய்ந்தால் போதும், பழகிவிடும் என்றார் டீச்சர். சுகந்தியும் சாய்ந்து மல்லாந்தாள். வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அப்பா கட்டிவுட்ட மாதிரியே இருக்குதும்மா."



உங்களுக்கு நினைவிருக்கிறதா? அதே கிணற்றில் அவளுக்கு நீச்சல் பழக்கிய அன்று ராசு லாரி டியூப்பை ஊதிக் கொண்டுவந்து அவள் இடுப்பில் மாட்டினார். நீங்கள் பேசாமல் அதைக் கழற்றிவிட்டுச் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டினீர்கள். அவள் முகம் கவிழ்ந்து தண்ணீர் குடித்தாள். "தலையத் தூக்கு கண்ணு, தலையத் தூக்கு" என்று நீங்கள் படியில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அவளும் தூக்கிவிட்டாள். நான் துண்டை வைத்துக்கொண்டு மேலே நின்றேன். டியூப்பை ஏன் கழற்றினீர்கள் என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

திரும்பவும் பூ கேட்கலாமா என்று பூசாரியிடம் போனேன். ஒரே காரியத்துக்கு இரண்டாம் தரம் கேட்டால் முதல் பூவை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்றார். பொத்தான் மறைந்ததைச் சொன்னேன். "சாமிக்கு மலை தெரியும், கெணறு தெரியும். அந்தக் கடலு தெரியுமான்னு நாம கேக்கவே இல்லையே, அம்மிணி" என்றார். சமாதானம் சொன்னாரா, கைகழுவினாரா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

சாமி வாக்கைத் தள்ளி, நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் நான் என்ன ஆவேன்? தள்ளாமல் ஜாக்கெட்டையே வாங்கி, அந்த இருட்டுத் தண்ணீரில் அவள் கை பொத்தானைத் தேடினால்? உங்கள் படத்துக்கு விளக்கு வைக்கும்போது பல்லி சொன்னது. எந்தப் பக்கம் என்று நிதானிப்பதற்குள் எதிர்ச் சுவரில் இன்னொன்று சொல்லிவிட்டது.

டீச்சர், "என்னைக் கேட்டால் விங் என்பேன்" என்கிறார். சுகந்தி வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். நான் சொல்வதைத்தான் வாங்குவாளாம். வெள்ளிக்கிழமை சொல்லிவிட வேண்டும்.

அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு வேணுமென்றேதான் முதுகில் கட்டினீர்களா? இல்லை, இடுப்பைச் சுற்றிக் கட்டக் கயிறு எட்டவில்லையா? வேணுமென்றே கட்டினீர்கள் என்றால் கருப்பனார் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விங் என்று சொல்லிவிடுகிறேன். கயிறுதான் எட்டவில்லை என்றால் பூ சொன்னதே இருக்கட்டும். நீங்கள் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் யாரையும் கேட்க மாட்டேன். அவள் பஸ் ஏறும்போது அழவும் மாட்டேன். இது சத்தியம்.

கனவில் வந்தால் எப்போதும் போலச் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்க.

உங்கள் மாமன் மகள்,
சுகந்தியின் அம்மா,
சோளக்காடு.