சீட்டைக் கவிழ்த்து வைத்துப் பிடித்த சண்டை

இன்று கரவெட்டியில் மருமகன் வீட்டில் முந்நூற்றிநாலு விளையாட உட்கார்ந்தார்கள். புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்தபோது வந்த மெழுகு மணம் என்னை எங்கள் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுபோய் விட்டது. கம்பஸில் அன்றைய வகுப்பு முடிந்ததும் நீயும் உன் மூன்று கூட்டாளிகளும் அங்கேதான் விளையாடுவீர்கள். நால்வருக்கும் காது கேளாது. கதைப்பது கையால்; கையில் சீட்டு இருந்தால் கதைக்க முடியாது. அதனால் சண்டை வந்தால் முதலில் சீட்டைக் கவிழ்த்து வைப்பீர்கள். பிறகுதான் கைகள் பறக்கும்.

"கள்ளன், சேர். துரும்புச் சீட்டை ஒளிச்சு வைச்சிருக்கிறான்," என்று கூட்டாளிகளில் ஒருவனான புத்தூர்ப் பொடியனைக் காட்டி என்னிடம் முறையிடுவாய்.

"உவனுக்குத் தோக்கத் தெரியாது, சேர்," என்று அவனும் கையாலேயே திருப்பித் தருவான். காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் ஆனபடியால் இரண்டு வழக்கும் எனக்கு விளங்கும்.

ஏன் இப்படிப் பிடுங்குப்படுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "வீட்டிலை ஒருத்தரும் என்னோடை சண்டை பிடிக்கிறேல்லை, சேர். பாவம் எண்டு விட்டுக்குடுப்பினம். இவங்கள் விடுறாங்களில்லை," என்றாய். முகமெல்லாம் சிரிப்பு.

ஒரு சீட்டை ஒளிக்க வேண்டுமென்றால், எதிரே இருப்பவன் என்ன நினைப்பான் என்று நினைக்கத் தெரிய வேண்டும். வல்வெட்டித்துறையில் கையால் கதைக்க ஆளில்லாமல் வளர்ந்த நீ அதை அந்த விறாந்தையில்தான் பழகினாய். அதுவரை விரிவுரைக் குறிப்பை அப்படியே பார்த்து எழுதியவன், அந்த வருடக் கட்டுரையில், 'இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை' என்று எழுதிக் கொண்டுவந்து காட்டினாய்.

பிறகு கம்பஸுக்கு ஆலோசகர் ஒருவர் வந்தார். நீங்கள் தனிக் கூட்டமாக ஒதுங்கிப் போகிறீர்களாம். உங்கள் வளர்ச்சிக்கு அது கூடாதாம். நால்வரையும் நான்கு விடுதிகளில், காது கேட்கும் மாணவர்களோடு போட்டார்கள். வேண்டாம் என்று நான் போய்ச் சொன்னேன். தேநீர் தந்து அனுப்பிவிட்டார்கள்.

"நல்ல பொடியள், சேர்," என்றாய் அடுத்தமுறை வந்தபோது. "என்ன பகிடி எண்டு கேட்டால், 'ஒண்டுமில்லை, சும்மா' எண்டு போனிலை எழுதிக் காட்டுவினம். அவையின்ரை முகத்தைப் பாத்துச் சிரிக்கப் பழகிட்டன்."

நன்றாகப் பழகிக்கொண்டான், ஒரு பிரச்சினையும் இல்லை என்று ஆலோசகர் உன்னைத்தான் எல்லோருக்கும் உதாரணம் காட்டினார். அதற்கடுத்த தவணை நீ படிப்பை விட்டு மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனாய். அந்த மாரியில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

செத்தவீட்டில் உன் பெரியப்பா, "ஒரு சோலி சுரட்டுக்கும் போகாத பிள்ளை," என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் மூவரும் வந்தார்கள். உன்னை யார் கடைசியாக வந்து பார்த்தது, யார் பார்க்காமல் விட்டது என்று உன் தலைமாட்டில் நின்று கையால் சண்டை பிடித்தார்கள். பெரியப்பா என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், உந்தப் பொடியளைக் கொஞ்சம் சத்தம் போடாமல் நிக்கச் சொல்லுங்கோ."

அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. "கதைக்கட்டும்," என்றேன்.

அன்றிலிருந்து அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. உன் பேச்சு வந்து, அமைதியான பிள்ளை என்று யாராவது தொடங்கினால் நான் இன்னமும் விடுவதில்லை. "இல்லை," என்று மறிப்பேன், "அவன் நல்லாச் சண்டை பிடிப்பான்."