மூடாத சாக்கடை, பூட்டிய ஹால்

ஜூன் 30, திங்கள்

காலையிலிருந்து தூறல். பொது ஹாலின் வடக்கு மூலை மறுபடி ஒழுகுகிறது. ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரை நகர்த்தி, மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டேன். மொத்தம் எட்டு. இன்று ஓடியது ஆறு.

மதியம் பெண்கள் வகுப்பு. பதினோரு பேரும் ஆஜர், மழையிலும். பாடம்: மாநகராட்சி இணையதளத்தில் புகார் பதிவது. கற்பனையாக ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதச் சொன்னேன். மல்லிகா ஒத்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே ஒரு சாக்கடை இருக்கும்போது எதற்குப் பொய் விளக்கு என்றாள்.

சரிதான். குழாய் போடுகிறோம் என்று குடிசைகள் நெருங்கிய பஸ்திச் சந்தில் கல் பலகைகளை எடுத்தவர்கள் திரும்ப மூடவே இல்லை. போன மழையில் மல்லிகா அதில் விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. கோணலாகக் கூடிவிட்டது. பக்கத்து மாரெட்பள்ளியில் இரண்டு வீட்டுச் சமையல் அந்தக் கையால்தான். டைப் அடிப்பது மட்டும் இடது கையில், ஒற்றை விரலால்.

பதினோரு பேர், பதினோரு புகார். அவரவர் பெயரில், அவரவர் வார்த்தையில், தெலுங்கில். பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். தையல் வேலை பார்க்கும் ஷாஹீன் நோட்டு கொண்டுவரவில்லை. ஜாக்கெட் அளவு எழுதிய சீட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

ஜூலை 3, வியாழன்

வெயில், புழுக்கம். வாங்க: பினாயில், எறும்பு மருந்து, மவுஸ் இரண்டு (பழையதே போதும்).

பதினோரு புகாரும் ‘தீர்க்கப்பட்டது’. கூடவே ஒரு போட்டோ. அழகாக மூடிய சாக்கடை, பக்கத்தில் நீலக் கேட். சந்தில் ஒரு வீட்டுக்கும் கேட்டே கிடையாது. ஷாஹீன் படத்தைப் பெரிதாக்கி, மூலை மூலையாக நகர்த்திப் பார்த்துவிட்டு, “யே ஹமாரா நை டீச்சர்” என்றாள். இது எங்களுடையது இல்லையாம். படத்தைப் பெரிதாக்க நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

கீழே ‘மீண்டும் திறக்க’ என்று ஒரு பட்டன். இது எங்கே போய் முடியுமோ என்று ஒரு நிமிடம் தயங்கினேன். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். நான் வாய் திறப்பதற்குள் மல்லிகா அழுத்திவிட்டாள். பிறகு வரிசையாகப் பத்து பேர்.

ஜூலை 5, சனி

ஹால் கமிட்டி பிரசிடெண்ட் வந்தார். சந்தில் குழாய் வேலை எடுத்தது அவர் மைத்துனர். சாயா குடித்தார், மரியாதையாகத்தான் பேசினார். “டைப்பிங் நேர்ப்பிஞ்சண்டி மேடம். கம்ப்ளைண்ட்ஸ் எந்துக்கு?” டைப்பிங் கற்றுக்கொடுங்கள், புகார் எதற்கு என்று.

விஷயம் இவ்வளவுதான். இந்தப் பெண்களுக்கு இப்படியெல்லாம் எழுத வராதாம். நான்தான் எழுதி அவர்கள் பெயரில் போட்டேனாம். வார்டு ஆபீசில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். புகார்களை வாபஸ் வாங்க வைத்து, இனி டைப்பிங் மட்டும் என்று கையெழுத்துப் போட்டால் ஹால் எங்களுக்கே. காகிதத்தைத் தயாராகக் கொண்டுவந்திருந்தார்.

வீட்டுக்கு எடுத்துவந்தேன். கணவர் ரமணன் படித்துப் பார்த்துவிட்டு, போட்டுவிடேன் என்றார். எட்டு கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு எங்கே போவாய் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். உள்ளேயிருந்து மகள் நித்யா, “சைன் செய்யகு மா,” போடாதே அம்மா என்று. தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில், இந்த வீட்டில்.

காகிதம் மேஜை டிராயரில். கையெழுத்தும் போடவில்லை, கிழிக்கவும் இல்லை. அலைந்து திரிந்து அனுமதி வாங்கிய ஹால். காலையில் காய்ச்சிய பால் திரிந்துவிட்டது, கவனிக்கவே இல்லை.

ஜூலை 7, திங்கள்

ஹாலில் புதுப் பூட்டு. கதவில் ‘மராமத்து வேலை’ என்று தாள். உள்ளே ஒரு செங்கல்கூட இறங்கவில்லை.

படியில் எல்லோரும் நோட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போங்கள், நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன். யாரும் நகரவில்லை. காகித விஷயத்தைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஷாஹீன் உடனே, “சைன் நக்கோ கரோ,” போடாதீர்கள் என்று. போட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இன்னும் யோசிக்கிறேன் என்றுதான் வாயில் வந்தது.

மல்லிகா தமிழில் பேசினாள். அவள் தமிழ் என்னோடு மட்டும்.

“நாங்க எழுதலேன்னு அவர் சொல்றாரு. நீங்க சைன் போட்டா நீங்களும் அதத்தானே அக்கா சொல்றீங்க?”

முகத்தில் அறைந்த மாதிரி. நேரே வீட்டுக்கு வந்தேன். டிராயரைத் திறந்தேன். காகிதத்தின் பின்பக்கம்: புகார்கள் அவர்கள் எழுதியவை, வாபஸ் வாங்கச் சொல்ல மாட்டேன், ஹால் பஸ்தியின் பொதுச் சொத்து. கீழே கையெழுத்து. பிரசிடெண்ட் வீட்டுக்குப் போய்க் கையிலேயே கொடுத்தேன். படித்தார். சாயா கொடுக்கவில்லை.

ஹாலுக்குத் திரும்பி வந்தால் ஒருத்தியும் போகவில்லை. வகுப்பு படியிலேயே. நெட் உள்ள போன் ஷாஹீனுடையது ஒன்றுதான். பூட்டைப் படம் பிடித்து, பூட்டைப் பற்றியே ஒரு புகார். ஆளுக்கொரு வரி, போன் கை மாறிக்கொண்டே போனது. மல்லிகா எழுதும்போது மட்டும் எல்லோரும் கால் மாற்றி உட்கார்ந்துகொண்டார்கள், நேரம் ஆகும் என்று தெரியும்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. ஆனால் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

மூட்டமான வானம், மழை இல்லை. பதினோரு மணிக்கு வார்டு ஆபீசர். சின்ன வயசு, கையில் குடை, ஃபைலில் இரண்டு மனு: பிரசிடெண்டுடையது ஒன்று, படியில் எழுதியது ஒன்று. முதல் வேலையாகப் பூட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஈர வாடை. கீபோர்டு இடுக்கில் எறும்பு.

இதையெல்லாம் எழுதியது யார் என்று கேட்டார். பிரசிடெண்ட் என்னைக் காட்டினார். அப்படியானால் யாராவது ஒருவர் இப்போதே என் முன்னால் எழுதட்டும், டீச்சர் வாசலில் நில்லுங்கள் என்றார் ஆபீசர்.

மல்லிகாதான் உட்கார்ந்தாள். ஒரு வீட்டு வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில் வந்தவள், புடவை இன்னும் இடுப்பில் செருகியபடி. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர். இடது கை, ஒற்றை விரல்.

அவ்வளவு மெதுவாக அவள் எழுதி நான் பார்த்ததில்லை. ஒரு எழுத்து, தேடல், இன்னொரு எழுத்து. பிரசிடெண்ட் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போதுமே சார் என்றார். எழுதட்டும் என்றார் ஆபீசர். ஒரு இடத்தில் கொம்பு விட்டுப்போனது வாசலிலிருந்தே தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டேன். எவ்வளவு நேரமோ. வெளியே ஒரு தள்ளுவண்டிக்காரன் வந்து, நின்று, வியாபாரம் முடித்துப் போயே விட்டான்.

ஆபீசர் குனிந்து சத்தமாகப் படித்தார். தெலுங்கு. எனக்கு நினைவிருக்கிறபடி:

என் பெயர் மல்லிகா. போன மழையில் இந்தச் சந்துச் சாக்கடையில் விழுந்தேன். போட்டோவில் இருக்கும் கேட் எங்கள் சந்தில் இல்லை. இதை எழுதுவது நான். நான் எழுதுவதைப் பிரசிடெண்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதிலை எனக்கு அனுப்புங்கள், டீச்சருக்கு வேண்டாம்.

யாரும் கை தட்டவில்லை. ஷாஹீன் மட்டும் மெல்ல, “ஹவ்,” ஆமாம் என்று.

பிரசிடெண்டின் மனு மேல் ஆபீசர் ஏதோ எழுதி ஃபைலில் வைத்தார். ஒரு சாவி இனி வகுப்பிடம் இருக்க வேண்டும் என்றார். என் பக்கம் நீட்டப்பட்ட சாவியை ஷாஹீன் வாங்கி, கழுத்தில் தொங்கும் அளவு டேப்போடு முடிந்துகொண்டாள். மல்லிகா அதற்குள் கிளம்பிவிட்டாள். இரண்டாவது வீட்டில் குழம்பு வைக்க நேரமாகிவிட்டதாம்.

ஜூலை 15, செவ்வாய்

நல்ல மழை. காலையில் சந்தில் கல் பலகை இறங்கியது. பாதி தூரம்தான் மூடியிருக்கிறார்கள். பிரசிடெண்ட் தானே சொல்லி வரவழைத்ததாக டீக்கடையில் பேசுகிறாராம். ஹால் மூலையில் ஒழுகலும் அப்படியே. ஓடியது ஐந்து.

மதியம் ஆபீசர் எனக்கு போன். மீதிப் பலகையை என்றைக்குப் போட்டால் சௌகரியம் என்று கேட்டார். மல்லிகாவின் நம்பரைக் கொடுத்து, அவளிடம் கேளுங்கள் என்று வைத்துவிட்டேன்.

சமையல் நடுவே வந்ததாம் போன். அடுப்பை அணைத்துவிட்டுப் பேசினாளாம். இன்றைக்கே என்று சொன்னாளாம்.