தைலமரத்துக்கு அம்மை வார்த்த பங்குனி

என் பிரியமுள்ள மாமா,

உங்கள் தைலமரம் பிழைத்துக்கொண்டது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இருக்கிற இடத்திலிருந்தே பதறுவீர்கள்.

நமக்குக் கல்யாணமான மறுவருடம், ஏர்க்காட்டில் துரை தோட்டத்துக்குக் கம்பு மூட்டை கொண்டுபோனவர், ஒரு கூடையில் கன்றோடு இறங்கி வந்தீர்கள். ஆடு வாய் வைக்காத செடிக்கு முள்வேலி கட்டிக் காத்த ஆள் இந்தச் சீமையில் நீங்கள் ஒருவர்தான். வேறு யாரையும் அதன் பக்கத்தில் வேலை பார்க்க விட்டதில்லை. நாங்களும் அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை. இப்போது உச்சியைப் பார்த்தால் கழுத்து வலிக்கிறது.

போன பங்குனியில் அம்மை உங்களைக் கொண்டுபோயிற்று. இந்தப் பங்குனியில், வெயில் தாளாமல் கிடக்கிறதே என்று மரத்தடிக்குத் தண்ணீர் விட நான் போனேன். அடிமரமெல்லாம் பட்டை வெடித்துக் கீற்றுக் கீற்றாகத் தொங்கியது. கையை வைத்தால் தோலாக உரிந்து வந்தது. 

உங்கள் தம்பி கோடாலியோடு வந்துவிட்டார். “பட்டுப்போச்சுங்க அண்ணி. காத்தடிச்சா மாட்டுக் கொட்டாய் மேல உழுந்துரும். இன்னைக்கே வெட்டிப்போடலாமுங்க.” அவரைக் குறை சொல்ல முடியாது. மாடுகள் உள்ளேதான் கட்டியிருந்தன.

உங்கள் அம்மாதான் குறுக்கே வந்து நின்றார்கள். அத்தை மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது நோவில்ல சாமி. ஆத்தா வந்திருக்கறா. அவ எறங்கறவரைக்கும் இரும்பு படப்படாது” என்றார்கள். உங்கள் தம்பி கோடாலியைக் கீழே போட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு இல்லை, கறி இல்லை. அடிமரத்தில் வேப்பிலை கட்டினோம், மஞ்சள் நீர் தெளித்தோம். உங்கள் தம்பி உப்புச்சப்பில்லாத கஞ்சியை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். உங்களுக்குச் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் அத்தை மரத்துக்கும் செய்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அன்று பலிக்காதது இன்று மட்டும் எப்படிப் பலிக்கும்?

பலித்தது மாமா. பட்டை முழுதும் உதிர்ந்து, உள்ளே வெளுப்பாய், வழவழவென்று புதுத்தோல் இருந்தது. உச்சியில் கொழுந்து விட்டிருந்தது. அத்தை மரத்தைக் கட்டிக்கொண்டு, “எம்பையனத்தான் கூட்டிக்கிட்டா. இதையாச்சும் உட்டுட்டுப் போனாளே” என்று அழுதார்கள். நீங்கள் போனதிலிருந்து அவர்கள் வாய்விட்டு அழுததே இல்லை. அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

மறுவாரம் ஓமலூர்ச் சந்தையில் ஏர்க்காட்டு ஆள் ஒருவர், “அந்த மரம் வருசா வருசம் பட்டையை உரிச்சுப் போடுமுங்க” என்றாராம். உங்கள் தம்பி அடுப்படி வாசலில் நின்று என்னிடம் கிசுகிசுத்தார். அப்படியானால் நீங்கள் வெந்நீர் அடுப்புக்கு அள்ளி வருவீர்களே, மணக்கிற சுள்ளி, அது இந்தப் பட்டைதானா? வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

“அம்மாகிட்டச் சொல்லிப்போடலாமுங்களா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வருகிற பங்குனியிலும் பட்டை உரியும். நானே வேப்பிலை கட்டுகிறேன், நானே மஞ்சள் கரைத்துக் கொடுக்கிறேன். அத்தை இருக்கும்வரை, வருடத்துக்கு ஒருமுறை அது பிழைத்து எழட்டும்.

உங்கள் மாமன் மகள்,
செல்லாயி