தலையணைக்கு அடியில் ஒரு கடிகாரம்

என் தூங்குமூஞ்சிக்கு,

காலையில் எழுப்பிவிடச் சொல்லி விடுதித் தோழியைக் கெஞ்சுகிறாயாமே. அவள் ஊருக்குப் போய்விட்டால் வேலைக்கு எப்படிப் போவேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உனக்கு ஒன்பது வயதில் அப்பா ஒரு கடிகாரம் வாங்கி வந்தாரே, நினைவிருக்கிறதா? தலையணைக்கு அடியில் வைத்தால், குறித்த நேரத்தில் கிடுகிடுவென்று அதிரும்.

"காது கேக்கலைன்னா என்ன, இனிமே அவளே எழுந்துக்கட்டும். நீ சும்மா இரு" என்றார்.

எனக்குச் சும்மா இருக்க வரவில்லை. அதுவரை உன் உள்ளங்காலைத் தடவித்தான் எழுப்புவேன். கை சில்லென்று இருக்கிறதென்று கண்ணைத் திறக்காமலே சைகையில் திட்டுவாய். அந்தத் திட்டு இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது.

அதனால் நீ தூங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிடுவேன். காலையில் உன்னை எழுப்பிவிட்டு, யாருக்கும் தெரியாமல் திரும்பப் போட்டுவிடுவேன்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு அப்பா, "பூகம்பமே வந்தாலும் இவ எழுந்திருக்க மாட்டா, சரியான தூங்குமூஞ்சி" என்றார். அவர் உதட்டைப் படித்து நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே நம்பியும் விட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை.

கடிகாரத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புது பேட்டரி போட்டு, நேற்று இரவு என் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ஐந்தரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ தாராளமாக எழுந்துவிடுவாய். அப்போதே எழுந்திருப்பாய்.

நான்தான் இன்று காலை எழுந்து, இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, உன் கட்டில் வரை போய்விட்டேன்.

உனக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த
அம்மா