வயித்துலதான்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நீதிமன்றத்தில் நல்ல கூத்து. சாட்சி, "அவன் என் வயித்துலயே அடிச்சிட்டான்யா" என்று அழுகிறார். புதிதாகச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளரம்மா, ஸ்டமக்கில் குத்தினான் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் உடனே காயத்துக்குச் சான்றிதழ் எங்கே என்கிறார்! மூத்த மொழிபெயர்ப்பாளனான நான் எழுந்து, கைகலப்பெல்லாம் இல்லை, பிழைப்பைக் கெடுத்துவிட்டான் என்று அர்த்தம் என விளக்கினேன். நீதிபதி நன்றி சொன்னார். பதினாறு வருஷ அனுபவம் சும்மாவா?

சாயங்காலம் அக்கா ஃபோன். வயிறு சரியில்லையாம். "உன் மருமகளுக்குப் பரீட்சை. இந்த ஊர் டாக்டருக்குத் தமிழ் தெரியாதே, நீ வந்து இங்கிலீஷ்ல பேசுடா." வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

டாக்டர் எங்கே வலி என்று கேட்டார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "வயித்துலதான்" என்றாள். ரெண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறதாம். ஸ்டமக் என்றேன். அவர் அப்படியே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார். தொட்டுப் பார்க்கப் படுக்கச் சொன்னார். "ஐயோ, அதெல்லாம் வேணாம்னு சொல்லுடா" என்றாள். சொன்னேன். அமிலத்துக்கு மாத்திரை. எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

ஏப்ரல் 2, புதன்

குறையவில்லை. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கவும் எழுதிக் கொடுத்தாயிற்று. அதற்கு ஆறேழு வாரம் வரிசை.

மே 19, திங்கள்

குழாய்ச் சோதனை முடிந்தது. இரைப்பையில் ஒன்றுமே இல்லை. அப்பாடா! "உன் சமையலை நீயே சாப்பிடுறேல்ல, அதான் வயிறு மக்கர் பண்ணுது" என்றேன். "போடா, பதினெட்டு வருஷம் அதத் தின்னுதானே வளந்த" என்றாள். சிரிக்கும்போது முகம் சுளித்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

அக்கா குளியலறையில் விழுந்துவிட்டாள். அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுத்தார்கள். இரைப்பையில் இல்லை. சினைப்பையில் கட்டி. சுற்றுமுற்றும் பரவியாயிற்று. அறுக்க முடியாது, மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா பழைய கோப்பைப் புரட்டிவிட்டு, அடிவயிற்று வலி என்று யாருமே சொல்லவில்லையா என்று கேட்டார். அதையும் நான்தான் அக்காவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

ஜூன் 25, புதன்

மருமகள் வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். "மாமா, அம்மாவுக்கு மொதல்லருந்தே அடிவயித்துலதான் வலி. மாசவிலக்கு நின்னுபோன பொறகும் ரத்தம் பட்டுது. இதெல்லாம் உங்ககிட்ட எப்படிச் சொல்லுவாங்க? நீங்களாவது எந்த எடம்னு கேட்டிருக்கலாமில்ல?"

கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. ஊரான் சாட்சிக்கெல்லாம் கேட்பேனே — பாவி, என் அக்காவுக்குக் கேட்கத் தோன்றவில்லையே!

ஜூலை 3, வியாழன்

அகராதியை எடுத்து ஸ்டமக்கைப் பார்த்தேன். பொருள் ஒன்று, இரைப்பை. இரண்டு, வயிற்றுப் பகுதி. அப்புறம் பசி, துணிச்சல். வினையாக வந்தால் சகித்துக்கொள்வது. நான் இரண்டைச் சொன்னேன், அவர் ஒன்றை எழுதிக்கொண்டார். முழு வயிற்றையும் குறிக்கிற அப்டமன் என்றாவது சொல்லியிருந்தால் வற்புறுத்தித் தொட்டுப் பார்த்திருப்பாரோ?

நம் வயிற்றுக்குத்தான் எத்தனை வேலை. பசித்தால் வயிறு, பயந்தால் வயிற்றைக் கலக்கும், பொறாமைப்பட்டால் எரியும், பிள்ளை பெற்றாலும் என் வயிற்றில் பிறந்தது என்போம். பெண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுகிற எல்லா இடத்துக்கும் அதே பெயர். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சம்பளம் வாங்குகிறேன்.

ஜூலை 21, திங்கள்

முடி கொட்டுகிறது. என் முன்னால் தலையை மூடிக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று சொல்லிவிட்டேன். மருந்து இறங்கிக்கொண்டிருந்தது, மருமகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் தப்பாச் சொல்லிட்டேன்க்கா, என்னாலதான் நாலு மாசம் போச்சு என்றேன். பரவாயில்லடா என்பாள் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தேன் — வெட்கம்கெட்டவன்.

"கோவம் இருக்கத்தான்டா செய்யுது" என்றாள். "உன்மேலயும் இருக்கு, என்மேலயும் இருக்கு. இப்ப அத வெச்சுக்கிட்டு என்ன பண்ணச் சொல்ற? போர்வைய இழுத்து விடு, குளிருது."

இழுத்துவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மறுபடி ஸ்கேன். மருந்து கேட்கவில்லை. ஈரலுக்கும் போயிருக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

டாக்டரம்மா நாற்காலியை அக்காவின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். இன்னொரு மருந்து இருக்கிறது, ஆயுளை ஒன்றிரண்டு மாதம் கூட்டிக் கொடுக்கலாம், உடம்பு ரொம்பப் படும், வேண்டுமா என்றார். ஒரு வார்த்தை விடாமல் அக்காவிடம் சொன்னேன்.

"போதும்" என்றாள்.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? இதுவரை கொடுத்த மருந்தே போதுமா, எல்லாமே போதுமா? "எது போதும்க்கா? சரியாச் சொல்லு" என்றேன். அப்புறம் இன்னொரு தடவையும் கேட்டேன். மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா எரிந்து விழுந்தாள். "அன்னைக்குக் கேக்க வேண்டியதெல்லாம் இன்னைக்குக் கேக்குறான் பாரு. மருந்தும் வேணாம், ஊசியும் வேணாம், என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. போதும்னா போதும்தான்டா. ஏன், அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இல்லையா?"

இருந்தது. சொன்னேன்.