முப்பது பாகம் வேலி

கற்பிட்டி

அன்பு மகள் சுதர்சினிக்கு, புனித அன்னம்மாள் தயவில் நானும் அம்மாவும் சுகம், அந்தக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். தினமும் போனில் கதைக்கும்போது கடிதம் ஏன் என்று யோசிப்பாய். இதற்குள் ஒரு தாள் இருக்கிறது, அதை நீ கையில் பிடித்துப் பார்க்கவேண்டும். தம்பி நிலுக்சன் நுரைச்சோலைக்கு வேலைக்குப் போய்வருகிறான். அம்மாவுக்கு முழங்கால் நோவு, சிலாபத்தில் டொக்டரிடம் காட்டச் சொன்னால் கேட்கிறாள் இல்லை, நீயாவது சொல்லு.

போன ஞாயிறு போனில், தாதிப் படிப்புக்குக் கணக்குச் சோதனை உண்டு, எனக்குக் கணக்கு வராது என்று அப்பாவே சொன்னவர்தானே என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை மகள். மிளகாய்த் தோட்டத்துக்கு வலைவேலி போட்டது நினைவிருக்கிறதா, நீ அப்போது ஒன்பதாம் ஆண்டு, வகுப்பிலேயே கட்டையானவள், சுள்ளி மாதிரி இருப்பாய். முக்கோணக் காணி, ஒரு பக்கம் முழுக்கத் தாழம்பற்றை, அளக்க ஏலாது. நீ மற்ற இரண்டு பக்கத்தையும் விரித்த இரண்டு கை நீளம் ஒரு பாகம் என்ற எங்கள் கடல் கணக்கில், கையை விரித்து விரித்து அளந்துகொண்டு வந்து, கட்டத்தாளில் கிணற்று மூலைக்கு (0,0), ஒழுங்கை மூலைக்கு (12,0), வேம்படிக்கு (0,5) என்று ஆள்கூறு குறித்து, பற்றைப் பக்கம் பதின்மூன்று, சுற்றளவு முப்பது பாகம் என்று ஓடி வந்து காட்டினாய். நான் கடலில் இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கக்கூடிய வலையை முப்பது பாகம் வெட்டினேன், ஏழரைப் பாகம் மிஞ்சிவிட்டது. ஒழுங்கையில் நின்றவர்கள் கேட்கும்படி, உனக்குக் கணக்கு வராது, விட்டுவிடு என்று கத்தினேன். நீ பிறகு உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு எடுத்தாய், நான் ஏன் என்று கேட்கவும் இல்லை.

அந்த வேலி உக்கிப்போய்விட்டது. பற்றையையும் வெட்டிவிட்டோம். முந்தாநாள் அலுமாரியில் பூசைப் புத்தகத்துக்குள், இதோடு அனுப்புகிற உன் கட்டத்தாள் கிடந்தது, அதை வைத்துக்கொண்டு அளந்தேன். நீ பன்னிரண்டு போட்ட இடம் எனக்கு ஒன்பது. அப்போதே பிழைதான் என்று முணுமுணுத்தேன். அம்மா கேட்டுவிட்டு, பிள்ளை தன்ட கையாலதானே அளந்தவள், நீங்கள் உங்கட கையால வெட்டினீங்கள், அந்த வயதில அவளுக்கு உங்கட அளவு நீளக் கையா இருந்தது என்று கேட்டாள். மற்றப் பக்கங்களையும் அளந்தேன், உன் ஐந்து எனக்கு நாலுக்குச் சற்றுக் குறைய, உன் பதின்மூன்று பத்துக்குச் சற்றுக் குறைய, மூன்று பக்கமும் நாலில் மூன்று பங்கு. கணக்கு சரி மகள். நாற்பது வருடம் பாகத்தால் கடலை அளந்தவன், ஆளுக்கு ஆள் கை வேறு என்பதை மறந்துபோனேன். என்னை மன்னித்துக்கொள்.

அன்னம்மாள் உன்னைக் கைவிடமாட்டாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இந்த மாதம் முடிய முன்னம் அந்தப் படிப்புக்குப் பெயரைக் கொடு, மறக்காதே. நேற்றுப் புது வேலிக்கு உன் தாளைப் பார்த்தே, உன் முப்பதை என் கைக்கு இருபத்திரண்டரையாக்கி வலை வெட்டினேன். ஒரு சாண்கூட மிஞ்சவில்லை.

உன் அன்பு அப்பா,
பஸ்தியான்